ரோமில் ஒரு சனிக்கிழமைக் குடல்

போன சனிக்கிழமை மதியமும் ரோமின் தெஸ்தாச்சோ பேட்டையில்தான் சாப்பாடு. பன்னிரண்டரைக்குத் திறக்கிற கடை ஒரு மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். மொத்தமே பதினோரு மேசை. மேசைமேல் துணி கிடையாது, மஞ்சள் காகிதம் விரித்திருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிற அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே கூட்டிப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுப்பார். பிறகுதான் கல்லாவில் ரசீது. மெஸ் சாப்பாட்டில் வளர்ந்தவன் நான். முதல் நாள் அந்த இரண்டு கோட்டைப் பார்த்தபோதே இங்கே திரும்ப வருவேன் என்று தெரிந்துவிட்டது.

ரோமுக்கு வருகிற நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கையைக் கடிக்காமல் எங்கே நல்லா சாப்பிடலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக பதில் தட்டுவதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். கடையின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. அந்தப் பதினோரு மேசையும் அக்கம்பக்கத்துக் கிழவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வேண்டும். ஆனால் அந்தப் பேட்டையில் இப்படிப்பட்ட கடைகள் இன்னும் சில இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன்.

நான் 2019-இல் வேலைக்காக இங்கே வந்தேன். வந்த முதல் மாதம், எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிற ஒரு நீரூற்றுக்குப் பக்கத்தில், வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூப்பிட்ட ஒரு கடையில் சாப்பிட்டேன். மெனு அட்டையில் ஒவ்வொரு உணவுக்கும் போட்டோ. முட்டையும் சீஸும் போட்டுச் செய்கிற கார்பொனாரா என்று சொல்லி வந்தது, பாலாடையில் ஊறிய பாஸ்தா. கூட ஒரு சாலட், ஒரு பாட்டில் தண்ணீர். 38 யூரோ. வெளியே வந்தபோது வயிறும் நிறையவில்லை, மனசும் நிறையவில்லை. இத்தாலிச் சாப்பாடு இவ்வளவுதான் போல என்று முடிவு கட்டி, இரண்டு மாதம் வீட்டிலேயே ரசமும் சோறும் பொங்கிச் சாப்பிட்டேன். கூட வேலை பார்க்கிற ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கார்பதெல்லாவில் குடியிருக்கிறாய். மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கு. இறங்கி நட" என்றார்.

அந்த ஒரு ஸ்டேஷன், பிரமிதே. பெயருக்கேற்ப அங்கே நிஜமாகவே ஒரு பிரமிடு இருக்கிறது. செஸ்தியுஸ் என்ற ரோமானியப் பெரிய மனிதரின் கல்லறை, கி.மு. 18க்கும் 12க்கும் இடையில் கட்டியது. அதைத் தாண்டிப் பத்து நிமிஷம் நடந்தால் தெஸ்தாச்சோ. அங்கே ஒரு குன்று இருக்கிறது, ஏறக்குறைய 35 மீட்டர் உயரம். மண் குன்று இல்லை, முழுக்க முழுக்க உடைந்த பானை ஓடு. ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் ஆலிவ் எண்ணெய் வந்த பெரிய சாடிகளை, எண்ணெயைக் கொட்டிக்கொண்டபின் உடைத்து இங்கே அடுக்கியிருக்கிறார்கள். எண்ணெய் ஊறிய சாடியை மறுபடி பயன்படுத்த முடியாது. நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவித் தூவி அடுக்கினார்களாம். இந்தச் சுண்ணாம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா கதையில் மறுபடி வரும்.

ஆனால் என்னை அந்தப் பேட்டையோடு கட்டிப்போட்டது பிரமிடும் இல்லை, குன்றும் இல்லை. பழைய ஆட்டுத்தொட்டிதான். மத்தாதோயோ என்பார்கள். 1888இல் தொடங்கி 1891க்குள் கட்டி முடித்தது, 1975 வரை ரோம் நகரத்துக்கே கறி இங்கிருந்துதான் போயிற்று. இப்போது கண்காட்சிக் கூடமும் கல்லூரி வகுப்புகளும் நடக்கின்றன. வாசல் மேலே இறக்கை வைத்த உருவம் ஒன்று காளையைக் கொம்பைப் பிடித்து அடக்குகிற சிலை. உள்ளே போனால் தலைக்கு மேலே இரும்புத் தண்டவாளங்களும் கொக்கிகளும் அப்படியே இருக்கின்றன. கூட வந்தவர்கள் சுவர் ஓவியங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கொக்கிகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொக்கி முனையின் வளைவு, அது எவ்வளவு எடை தாங்கும், உரித்த உடலை எந்தப் பக்கம் தள்ளியிருப்பார்கள், ரத்தம் ஓட வாய்க்கால் எந்தச் சரிவில் வெட்டியிருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. என் அப்பா கறிக்கடைக்காரர்.

திண்டுக்கல்லில் நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் கடை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு ஆடு உரிக்கத் தொடங்குவார். முதல் பூசைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போவார்கள்: தொடைக்கறி ஒரு கிலோ, நெஞ்செலும்பு அரைக் கிலோ. பூசை முடிந்து வரும்போது பொட்டலம் தயாராக இருக்க வேண்டும். புளியங்கட்டையில் கத்தி விழுகிற சத்தத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் கண் விழிப்போம். பத்து மணிக்குள் தொடை, சாப்ஸ், ஈரல் எல்லாம் போய்விடும். தலையும் காலும் சொல்லி வைத்தவர்களுக்கு. சுவரொட்டி என்கிற மண்ணீரல், ரத்தம் குறைந்த பிள்ளைத்தாய்ச்சிகள் வீட்டுக்கு. கடைசியில் குடல் மிஞ்சும். அது எங்களுக்கு. கறிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தினம் கறி தின்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தொடைக்கறி எங்கள் வீட்டில் வெந்தது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். மற்ற ஞாயிறெல்லாம் குடல்.

தெஸ்தாச்சோவிலும் இதே கணக்குதான். வெட்டிய மாட்டை நாலு கால்பங்காகப் பிரிப்பார்கள், முன்னே இரண்டு, பின்னே இரண்டு. அந்த நாலும் காசுள்ளவர்களுக்கு. தலை, வால், நாக்கு, குடல், இரைப்பை, நுரையீரல் எல்லாம் சேர்ந்து "ஐந்தாவது கால்பங்கு". க்வின்தோ க்வார்த்தோ என்பார்கள். தொட்டியில் தோல் உரித்தவர்களுக்குக் கூலியில் ஒரு பகுதி இதுவாகவே கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைக் கொண்டுபோய் எதிரே இருந்த சின்னக் கடைகளில் கொடுப்பார்கள், கடைக்காரப் பெண்கள் சமைத்துப் போடுவார்கள். இன்றைக்கு ரோமின் பெருமை என்று சொல்கிற பாதிச் சமையல் அங்கே பிறந்ததுதான். வாலைச் செலரித் தண்டோடும் தக்காளியோடும் மணிக்கணக்கில் வேகவைக்கிற கோதா அல்லா வச்சினாரா, குழாய் பாஸ்தாவில் செய்கிற ரிகத்தோனி கொன் லா பயாத்தா, தக்காளியில் வெந்த த்ரிப்பா, அதாவது நாம் குடல் என்றே சொல்லிவிடுகிற மாட்டு இரைப்பை. பயாத்தா என்பது பால்குடி மறக்காத கன்றின் சிறுகுடல். உள்ளே இருக்கிற பாதி செரித்த பாலோடு அப்படியே சமைப்பார்கள், வெந்ததும் பால் திரண்டு சீஸ் மாதிரி ஆகிவிடும். மாட்டுப் பைத்திய நோய்ப் பயத்தில் 2001இல் தடை போட்டு, 2015இல்தான் எடுத்தார்கள். அந்தப் பதினான்கு வருஷமும் ஆட்டுக்குட்டிக் குடலை வைத்துச் சமாளித்தார்களாம். இதைக் கேட்டபோது அப்பா, "ஆட்டுக்குடல்னா சமாளிக்கிறதா? அதுதான்டா நல்லது" என்றார். அவர் ஆட்டுக்கறிக் கடைக்காரர், வேறு எப்படிச் சொல்வார்.

சரி, மலிவான நல்ல கடையைக் கண்டுபிடிக்கும் வழி. ரோமில் ஒரு பழைய சொல் உண்டு: வியாழன் ஞொக்கி, வெள்ளி மீன், சனி த்ரிப்பா. வியாழக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டை, மறுநாள் சுத்தபோசனத்துக்கு முன்னால் வயிறு நிறைய. வெள்ளிக்கிழமை கறி விலக்கு, அதனால் உப்புக் கருவாடாக வருகிற பக்கலா மீனும் கொண்டைக்கடலையும். சனிக்கிழமை, ஞாயிற்றுக் கறிக்காக மாடு வெட்டுகிற நாள், எனவே குடல். திண்டுக்கல்லில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் இருந்து, ஞாயிறு குடல் தின்று வளர்ந்த எனக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கடை வாசலில் கரும்பலகையில் கிழமைக்குக் கிழமை உணவு மாறுகிறதா என்று பாருங்கள். கையால் எழுதியிருக்க வேண்டும், இத்தாலிய மொழியில் மட்டும் இருக்க வேண்டும், எட்டுப் பத்து உணவுக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். இன்னொன்று, வாசலில் யாரும் கூப்பிடக் கூடாது.

போன சனிக்கிழமை காச்சோ எ பேப்பே அரைப்பங்கு வாங்கினேன். பெயரே அவ்வளவுதான்: சீஸும் மிளகும். செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கொரீனோ ரொமானோ, இடித்த மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர். வெண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை. செய்யத் தெரியாதவர் கையில் இது கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். மோர்க்குழம்பு வைக்கிறவர்களுக்கு இந்தப் பயம் தெரியும்: ஒரு கொதி கூடப் போனால் மோர் திரிந்துவிடும் என்று அடுப்பை விட்டு நகராமல் நிற்போமே, அதே நிற்பு. துருவிய சீஸை முதலில் ஆறிய தண்ணீரில் கூழாகக் கரைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பாஸ்தாவில் ஊற்றி, சட்டியை விடாமல் ஆட்டுவார்கள். பாஸ்தாத் தண்ணீரில் இருக்கிற மாவுச்சத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தட்டில் வந்தபோது ஒவ்வொரு இழைமேலும் மெல்லிய பூச்சு, அதில் மிளகு புள்ளி புள்ளியாக. முதல் வாயிலேயே காரம் மூக்கில் ஏறியது. மிளகை வறுத்து இடித்திருக்கிறார்கள் என்று வாசனையே சொல்லிற்று.

கூடவே புந்தரெல்லே. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஒரு கீரைத் தண்டு. மெல்லியதாகக் கீறி ஐஸ் தண்ணீரில் போட்டால் சுருண்டுகொள்ளும். பூண்டு, நெத்திலி மாதிரி உப்பு மீன், வினிகர் சேர்த்துப் பிசிறித் தருவார்கள். லேசாகக் கசக்கும். இது சிக்கரிச் செடியின் தளிர், நம் ஃபில்டர் காபியில் கலக்கிற சிக்கரி வேர் இதே செடி வகைதான். கசப்பு எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்ததற்குக் காரணம் தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் த்ரிப்பா.

ஆழமில்லாத மண் சட்டியில் வந்தது. விரல் அகலத்துக்கு நறுக்கிய துண்டுகள், தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கிற பகுதியும் துண்டுத்துணி மாதிரி சொரசொரப்பான பகுதியும் கலந்து. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தக்காளிச் சாறு தேங்கி நின்றது. குடல் வேகும் பதம் ஒன்று உண்டு. வேகாவிட்டால் ரப்பர், கூட வெந்தால் கூழ். பல் படும்போது ஒரு கணம் எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். இதில் அது சரியாக இருந்தது. மேலே துருவிய பெக்கொரீனோ, அதற்கு மேலே மென்தூச்சா என்கிற இலை. நம் புதினாவுக்குக் காட்டில் வளர்ந்த தங்கை என்று சொல்லலாம், வாசனை இன்னும் கொஞ்சம் கூர்மை. சாறு மிஞ்சியபோது ரொட்டியைப் பிய்த்துச் சட்டியைத் துடைத்துத் தின்றேன். இங்கே இதற்கு ஸ்கார்ப்பெத்தா என்று பெயர், குட்டிச் செருப்பு என்று அர்த்தம். பெரிய ஓட்டலில் செய்தால் முகம் சுளிப்பார்கள். இந்தக் கடையில் துடைக்காமல் சட்டியைத் திருப்பி அனுப்பினால்தான் சமையற்கட்டிலிருந்து ஆள் வந்து "என்ன குறை?" என்று கேட்பார்கள்.

வருகிற ஆள் பரிமாறும் அண்ணனின் அம்மா. எண்பத்து நாலு வயது. கடையில் எல்லோரும் அவரை நோன்னா என்றுதான் கூப்பிடுவார்கள், பாட்டி என்று. நானும் அப்படித்தான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, சட்டியை நான் துடைத்திருந்த அழகைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்கள் யாரும் இதைக் கேட்பதில்லையே, நீ எப்படிச் சாப்பிடுகிறாய் என்று விசாரித்தார். அப்பா மச்செல்லாயோ, கறிக்கடைக்காரர் என்றேன். ஈரக் கையை முந்தானை மாதிரி கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கணவர் அந்த மத்தாதோயோவில் தோல் உரித்தவர். 1975இல் மூடுகிற வரை அங்கே வேலை. "சனிக்கிழமை அவர் கோணியில் சுற்றிக் கொண்டு வருவார், நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து கழுவுவேன்" என்றார். எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன். வினிகர், எலுமிச்சை, உப்பு, தண்ணீர் மாற்றி மாற்றி. இப்போதெல்லாம் கடையிலிருந்து வெளுத்து, அரை வேக்காடாகத்தான் வருகிறதாம். ஆனாலும் மறுபடி கழுவாமல் சட்டியில் போட மாட்டார்.

சமையற்கட்டு வாசல் வரை என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். காட்டுவதற்கு முன்னால் அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு நீள மூச்சு இழுத்தார். பிறகுதான் என்னிடம் நீட்டினார். நான் பதறிப்போனேன். அப்பா அப்படியேதான் செய்வார். ஒவ்வொரு குடலையும் கொடுப்பதற்கு முன் மூக்கருகே வைத்து, கண்ணை மூடி.

அம்மா கழுவுவதை நானும் சொன்னேன். கொல்லையில் உட்கார்ந்து, கொதிக்கவிடாத வெந்நீரில் முக்கி எடுத்து, சுண்ணாம்பு தடவி, கத்தி முதுகால் கறுப்புத் தோலை வழித்து, கல்லுப்புப் போட்டுக் கசக்கி, கடைசியில் மஞ்சள். ஏழு தண்ணீர். சுண்ணாம்பு என்றதும் பாட்டி புருவத்தை உயர்த்தினார். அந்தக் குன்றுப் பக்கம் கையைக் காட்டி, "அங்கேயும் சுண்ணாம்புதான்" என்றார்.

போன சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் கூப்பிட்டார். இங்கே ஒன்றரை, அங்கே மாலை ஆறு. மறுநாள் விடிகாலை வேலை என்பதால் சனிக்கிழமை சீக்கிரம் படுத்துவிடுவார், அதற்கு முன் ஒரு வார்த்தை. சட்டியைக் காட்டினேன்.

"குடலாடா? சிவப்பா இருக்கு. மஞ்சள் போடலையா?"

"இங்க மஞ்சள் போட மாட்டாங்கப்பா. தக்காளி."

"கவிச்சி அடிக்காதா? என்னத்தைப் போட்டு மறைக்கிறாங்க?"

"மறைக்கலைப்பா. நல்லாக் கழுவியிருக்காங்க. மேல புதினா மாதிரி ஒரு இலை."

"புதினாவா? குடலுக்கா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்பா எதையாவது யோசித்தால் கண் இடுங்கும். பாட்டி இதற்குள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று போனை எட்டிப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்த மாதிரி கையைக் கூப்பினார். அப்பா படுக்கையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு, அவரும் கும்பிட்டார். இரண்டு பேருக்கும் பொது மொழி ஒரு சொல் கிடையாது. பாட்டி தன் கையைக் கத்தி மாதிரி வைத்து இழுத்துக் காட்டி, நீங்கள்தானா அது என்பது போலத் தலையை அசைத்தார். அப்பா வலது கையை கேமரா முன் நீட்டினார். ஆள்காட்டி விரல் அடியில் நாற்பது வருஷக் காய்ப்பு. பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் பேனாவோடு வந்து கூட்டிப் போட்டார். அரைப்பங்கு பாஸ்தா 6, த்ரிப்பா 11, கீரை 5, வீட்டு வெள்ளை வைன் கால் லிட்டர் 3, ரொட்டி 1.50. மொத்தம் 26.50. ரொட்டிக்குத் தனிக் காசா என்று கேட்காதீர்கள். உட்கார்ந்ததற்கே காசு வாங்குகிற கொப்பெர்த்தோ வழக்கத்தை இந்த மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது, அதனால் ரொட்டி என்று எழுதுவார்கள். வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் ரொட்டி இல்லாமல் சட்டியை எதைக் கொண்டு துடைப்பீர்கள்? ரோமில் இரண்டு வகை உணவும் வைனும் இந்த விலைக்கு, இந்தக் கைப்பக்குவத்தில், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடக் கிடைப்பது பெரிய விஷயம். விலை கட்டுவதற்குக் காரணம் த்ரிப்பாதான். காசுள்ளவர்கள் ஒதுக்கிய உறுப்பை, நேரமும் கழுவும் கையும் போட்டுத் தட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கறி மலிவு, பாட்டியின் பொழுது மலிவில்லை. அதனால்தான் இரண்டு கோடு போட்டதும் சில்லறையை எண்ணாமல் முப்பதாக வைத்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்குப் போனில் ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு அலுமினியச் சட்டி, அதில் அம்மாவின் குடல் குழம்பு, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது. நடுவில் நாலு புதினா இலை. கீழே அப்பா ஒற்றை விரலால் தட்டிய ஒரு வரி: "பாட்டிகிட்ட காட்டு."